மருமகள் கல்லுக்குப் பிசிறு எடுத்த கதை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடை கையெழுத்தும், ஊறுகாய் ஜாடி மேல் ஒட்டும் சீட்டும்தான். ஞாபகமும் இப்போது ஓட்டை. நடந்தது கொஞ்சம், மறந்தது கொஞ்சம், மறந்த இடத்தை அடைக்க நானே போட்டது கொஞ்சம் என்று கலந்துதான் வரும். நாலு பேர் எதிரே உட்கார்ந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காகிதம் திரும்பிப் பார்க்காது என்பதால் இங்கே கொஞ்சம் துணிச்சலாகப் பேசுகிறேன்.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சூளையும் பொம்மையும்தான் தெரியும். பிசிறு எடுக்கிறவளை யாருக்கும் தெரியாது. அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அதற்குள் களிமண் கூழை ஊற்றி, இறுகியதும் பிரித்தால், பாதியும் பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிசாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சில இடத்தில் மயிர் மாதிரிகூட நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிசிறு. ஆக்ஸா பிளேடை உடைத்துத் தீட்டிய சின்னக் கத்தியால் அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் ஒரு துடை துடைத்துப் பலகையில் வைக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் இதைத்தான் செய்தேன். பெரும்பாலும் பியூஸ் கட்டை. (உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக ஒன்று இருந்தால் எடுத்துத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் என் கை பட்டதாக வைத்துக்கொள்ளலாம். மெயினை நிறுத்திவிட்டுத் தடவுங்கள்.)

வேலையிலிருந்து நின்றுவிட்டேன். கை நிற்கவில்லை. எதிலாவது ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டு அம்மாவின் ரவிக்கையில் ஒரு நூல் தொங்கியது. பிடித்து இழுத்தேன். வேப்பூர் வருவதற்குள் பாதித் தையல் என் கையில் இருந்தது. அவர்கள் இறங்கிப் போகும்வரை தூங்குகிற மாதிரி இருந்தேன்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் நிவேதா மருமகளாக வந்தாள்.

என் பையன் செந்திலுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். பெண்ணுக்கு ஊர் வேப்பூர்தான், அவள் அப்பா ஹைவே ஓரத்தில் ஓட்டல் வைத்திருக்கிறார். பேச்செல்லாம் நம் பக்கத்துப் பேச்சுதான். ஆனால் படிப்பு மட்டும் எங்கேயோ இருந்தது. பிசிக்ஸில் ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று செந்தில் எனக்கு முன்கூட்டியே பாடம் சொல்லியிருந்தான். எனக்கு அவளைப் பார்த்தாலே பயம். கல்யாணத்தில் அவளிடம் நான் பேசியது மொத்தம் மூன்று வார்த்தை. 'சாப்டியாம்மா' இரண்டு தடவை, 'நல்லாரு' ஒரு தடவை.

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் மட்டும் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஏதோ மிஷின். வந்த அன்று அவள் கைப்பையைக்கூட ஆணியில் மாட்டாமல், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து அலமாரி மேல்தட்டில் பத்திரமாக வைத்தாள். நகைப்பெட்டி என்று நினைத்தேன்.

"உள்ள ஒரு கல்லு இருக்குது அத்தை" என்றாள். "நானே வளர்த்தது."

கல்லை வளர்க்கிறதா? வெட்கத்தை மீறி வாய் கேட்டுவிட்டது. அவளும் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி அடுப்பங்கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மூன்று உலோகத்தை வெள்ளைக் குவளையில் போட்டு, உலையில் உருக்கி, நாள் கணக்கில் மெதுவாக ஆறவிட்டால் உள்ளே பளபளவென்று கல் விளையுமாம். குவளை எதில் செய்தது என்று கேட்டேன். பீங்கான் மாதிரி அலுமினாவில் என்றாள். ஓரம் வழவழப்பாக இருக்குமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அதைக் கவனித்ததில்லை என்றாள். எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது. அவளுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது.

அப்புறம் எலக்ட்ரானுக்கு வந்தாள். கம்பிக்குள் கரண்டாக ஓடுவது அதுதான், ரொம்பப் பொடிசு, எடையே இல்லாத மாதிரி. ஆனால் இவள் கல்லுக்குள் குளிரக் குளிர அது நூறு மடங்கு கனத்துப் போன மாதிரி நடக்குமாம்.

"எதைத் தின்னு கனத்துச்சு?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றாள். "பைபாஸ்ல போற பஸ்ஸு எங்க வேப்பூரை நிக்காமத் தாண்டிடும் இல்லைங்களா? அதே பஸ்ஸை ஊருக்குள்ள விட்டா, கை காட்டற எடத்துல எல்லாம் நிக்கும். பஸ்ஸு எடை ஒண்ணும் கூடல. ஆனா போறதுதான் பெரும்பாடு. இந்தக் கல்லுல அணுவுக்கு அணு ஒரு குட்டிக் காந்தம் கை காட்டிக்கிட்டு நிக்குது அத்தை. குளிர் ஏற ஏற, போற எலக்ட்ரானையெல்லாம் அது புடிச்சு இழுக்குது."

இன்னும் குளிர வைத்தால், அந்தக் கனத்த எலக்ட்ரான்களே இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்துகொண்டு, எங்கேயும் நிற்காமல், தடையென்பதே இல்லாமல் ஓட ஆரம்பிக்குமாம். கரண்ட் போகாத சாமானை முப்பத்தெட்டு வருஷம் செய்தவள் நான். கரண்டுக்குத் தடையே இல்லாத சாமானைத் தூக்கிக்கொண்டு மருமகள் வந்திருக்கிறாள். சூளைச் சூடு எனக்குத் தெரியும், அது மேலே மேலே ஏறும். ஆனால் குளிருக்கு ஒரு தரை உண்டு, அதற்குக் கீழே போகவே முடியாது, இந்த வேலையெல்லாம் அந்தத் தரையை ஒட்டித்தான் நடக்கும் என்று அவள் சொன்னபோது, புளி கரைத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை இரண்டு பேரும் திட்டக்குடிக்கு, என் நாத்தனார் வீட்டு விருந்துக்குப் போனார்கள். வீட்டில் நான், அலமாரி, மேல்தட்டு.

நல்ல பெண்மணியாக இருந்தால் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டாள். நான் பதினொரு மணி வரை திரும்பவில்லை. அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறினேன். பெட்டி மூடியில் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் என்னமோ ஒட்டியிருந்தது. அவள் பேராக இருக்கும் என்று முடிவு செய்தேன். (அது பேர் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.) கனத்த எலக்ட்ரான் இருக்கிற கல் பார்க்க எப்படித்தான் இருக்கும் என்ற ஆசை, அவ்வளவுதான். பின்வாசல் வெயிலில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தேன்.

ஒரு சின்னத் தகடு. அதன் நடுவில் எள்ளில் பாதி அளவுக்குக் கறுப்பாக மின்னிய ஒரு கல். அந்தக் கல்லில்தான், ஐயோ, நாலு பிசிறு.

மயிரை விட மெல்லிசாக நாலும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அடியில் சாம்பல் நிறத்தில் என்னமோ வழிந்து காய்ந்திருந்தது. எனக்கு மனசே கேட்கவில்லை. நாள் கணக்கில் உட்கார்ந்து வளர்த்த பெண், கடைசி வேலையை விட்டுவிட்டாளே. பெரிய இடத்துக்கு எடுத்துப்போகிற சாமான், அங்கே நாலு பேர் பார்த்து என்ன நினைப்பார்கள்? படித்த பெண், பாவம், பிசிறு எடுக்கச் சொல்லிக்கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

என் கத்தி இன்னமும் தையல் பெட்டியில்தான் கிடக்கிறது. எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலையும் ஒவ்வொன்றாகக் கல்லை ஒட்டிச் சீவி, தகட்டுப் பக்கமும் எடுத்துவிட்டேன். ஈர ஸ்பாஞ்சு நுனியால் வழிந்ததையும் துடைத்தேன். பார்த்தால் கண்ணு மாதிரி இருந்தது. மூடி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, மனசு நிறைந்து போய் மத்தியானம் இரண்டு வாய் கூடவே சாப்பிட்டேன்.

நானாகச் சொன்னால் பெருமை பேசுவதாகிவிடும். அவளே திறந்து பார்த்துக் கேட்கட்டும் என்று இருந்தேன். அன்றைக்கு அவள் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து பை அடுக்கும்போதுதான் பெட்டியை எடுத்தாள். எதிரே நான் துவரம்பருப்பை மூன்றாம் தடவையாகப் புடைத்துக்கொண்டிருந்தேன்.

திறந்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மூடினாள். முதல் தடவை ஏதோ தப்பாகத் திறந்துவிட்ட மாதிரி, திரும்பவும் திறந்தாள்.

"அத்தை, இதுல நாலு கம்பி இருந்துச்சுங்களே?"

"எடுத்துட்டேம்மா" என்றேன். "பிசிறு. வழிஞ்சதையும் தொடைச்சிட்டேன். இப்பப் பாரு, எவ்ளோ சுத்தமா இருக்குது."

இதைச் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று செந்தில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சூளைக்குப் போகாத பியூஸ் கட்டை மாதிரி முகம் வெளுத்துப் போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செந்தில்தான் என்னை அடுப்பங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். அது பிசிறு இல்லை. கல்லுக்குக் கரண்ட் விட்டுப் பார்க்கிற கம்பி. மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டியது. அந்தக் குளிர் மிஷினில் முறை கிடைக்க எட்டு மாசம் காத்திருந்தாள். நாளைக் காலை பத்து மணிக்கு அவள் முறை, மூன்று நாள். விட்டால் அடுத்த முறை எப்போதோ. அங்கே அளந்து பார்க்காமல் படிப்பு முடியாது.

"இன்னா கம்பிடா அது?"

"தங்கம்மா."

எனக்கு முதலில் புரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். ஓடிப்போய்ப் பின்வாசல் குப்பையைக் கிளற ஆரம்பித்தேன். குனிந்த நிலையிலேயே அழுகையும் வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக வீட்டுக்கு வந்த பெண்ணின் எட்டு மாசத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் அவள் ஒரு தம்ளரைக்கூட நம்பி வைப்பாளா?

பின்னாலேயே அவள் வந்து நின்றாள். "எழுந்திரிங்க அத்தை. கம்பி வேற வச்சிருக்கேன், பசையும் இருக்குது. வழியில கழண்டா ஒட்டறதுக்கு. மைக்ராஸ்கோப்புதான் இல்ல. அங்க போயி ஒட்டலாம்னா நேரம் பத்தாது."

ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூல் எல்லாம் பூட்டு. செந்தில் வாட்ச் கடை என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, பஸ் ஸ்டாண்டு பக்கம் சலீம் பாய் கடையில் போனுக்குள்ளே பார்க்கிற மிஷின் ஒன்று இருக்கிறது என்றேன். என் போன் கழுநீரில் விழுந்தபோது பார்த்திருக்கிறேன்.

சலீம் பாய்க்கு என் வயசு இருக்கும். ரேடியோ, டிவி எல்லாம் பார்த்துவிட்டு இப்போது போனுக்கு வந்திருக்கிறார். தகட்டை வாங்கி லென்ஸில் கண்ணை வைத்தவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எந்த மாடலும்மா? சர்க்யூட்டே காணோமே."

"கல்லு மட்டும்தான் பாய்."

"கம்பெனி?"

"நான்தான்" என்றாள் நிவேதா.

கம்பி பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தினார். கடைக்குள் சூளை மாதிரி இருந்தது. நிவேதா இடுக்கியை எடுத்தாள். மூன்று கம்பி வீணானது. செந்தில் உட்கார்ந்தான். அவன் விட்ட பெருமூச்சில் நாலாவது கம்பி எங்கே போனதென்றே தெரியவில்லை. பாய்க்குக் கண்ணில் புரை, இப்போதெல்லாம் லேசான வேலை மட்டும்தான் என்று கைவிரித்துவிட்டார். மணி ஒன்றைத் தாண்டியது. பஸ் ஐந்தரைக்கு.

நான் வாசல்படி ஓரம், போனுக்கு உறை மாட்ட வந்தவர்களுக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றிருந்தேன். கம்பெனியில் பிசிறு வேலை இல்லாத நாளில் பொம்மைக்குக் கண் வரைவேன். ஒற்றை மயிர் பிரஷ். அதை எப்படிச் சொல்வது?

"நான் ஒரு தடவை..." என்றேன்.

"அம்மா, நீ கையைக் கட்டிக்கிட்டு நில்லு. அது போதும்" என்றான் செந்தில். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

நிவேதா லென்ஸிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "செந்தில், இங்க பாரு. நாலு கம்பியையும் பிளேடு வச்சுச் சீவியிருக்காங்க. கல்லு மேல ஒரு கீறல் இல்ல. நானா இருந்தா கீறியிருப்பேன்."

ஸ்டூலை விட்டு எழுந்தாள். "உக்காருங்க அத்தை."

லென்ஸில் கண்ணை வைத்த பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது. அங்கே மனுஷ முகமே கிடையாது. எள்ளில் பாதி இருந்த கல், கரும்பாறை மாதிரி பெரிசாகக் கிடந்தது. பசை என்பது வெள்ளிப்பொடி கலந்த கூழ். கெட்டியாக இருந்தது. எங்கள் களிமண் கூழும் அப்படித்தான் முரண்டு பிடிக்கும், துளி சிலிகேட் விட்டால் அதே கூழ் பால் மாதிரி ஓடும். இதற்கும் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவள் பசையோடு வைத்திருந்த வேறொரு தண்ணியில் ஒரு சொட்டு எடுத்து விட்டாள், கூழ் இளகியது. வெளிப்பக்கம் இரண்டு கம்பி கரண்டை விடுமாம். உள்ளே இரண்டு கம்பி எதிலும் கலந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்குமாம். ஒன்றோடொன்று படக்கூடாது. (எதிலும் கை வைக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது. அந்தக் கம்பிக்கு இருக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

முதல் கம்பி ஒட்டியது. இரண்டாவதும் உட்கார்ந்தது. தலையைத் தூக்காமலே, மனசில் இருந்த கேள்வியைக் கேட்டேன். அணுவுக்கு அணு காந்தம் இருக்கிறது, எலக்ட்ரானும் ஜோடி சேருகிறது என்றாயே, காந்தம் அந்த ஜோடியைச் சும்மா விடுமா?

"விடாது அத்தை. காந்தம் இருந்தா ஜோடியைப் பிரிச்சிடும், ரெண்டும் ஒண்ணா இருக்காதுன்னுதான் ரொம்ப நாளா நெனைச்சாங்க. இந்த மாதிரிக் கல்லுலதான் ரெண்டும் சேந்து இருக்குது."

"ஒரே வூட்ல மாமியாளும் மருமவளும்னு சொல்லு" என்றார் சலீம் பாய், எதிரே ஒரு போனைத் துடைத்துக்கொண்டே.

செந்தில் கூரையைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக நிவேதா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் மூன்றாவது கம்பி போய்விடும்.

"அதுலயும் பாருங்க பாய்" என்றாள். "அந்தக் காந்தமேதான் ரெண்டையும் புடிச்சு ஜோடியா கட்டி வைக்குதுன்னு சிலர் சொல்றாங்க. பிரிக்குதா கட்டுதான்னு இன்னும் முழுசாத் தெரியல. அதுக்குத்தான் இவ்ளோ தூரம் போறேன்."

நாலாவது கம்பி உட்கார்ந்தபோது மணி நாலு. பசை காய்ந்ததும் பாய் மீட்டரை எடுத்துக் கம்பி கம்பியாக வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் 'பீப்' என்றது. நாலாவது 'பீப்'பில் அப்படியே யாருடைய பை மேலேயோ உட்கார்ந்துவிட்டேன். உள்ளே சமோசா இருந்திருக்கிறது.

பஸ் ஏறும்போது நிவேதா இன்னொன்றும் சொன்னாள். அந்தக் குளிரில் தகடும் கம்பியும் சுருங்குமாம், ஒட்டியது விட்டுப்போனாலும் போகுமாம். மூன்று நாள் நான் சோறு தின்றதாக ஞாபகம் இல்லை. (தின்றேன் என்கிறான் செந்தில்.) நாலாம் நாள் காலையில், லீவு போட்டு என்னோடு இருந்த அவன் போனுக்கு ஒரு படம் வந்தது. கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு. கூடவே அவளே கூப்பிட்டு விளக்கினாள். கோடு முதலில் மேடேறியது, அது எலக்ட்ரான் இழுபடுகிற இடம். அப்புறம் சரிந்து இறங்கி, நடுவில் சின்னதாக ஒரு மடிப்பு. அதையும் தாண்டி நேராக விழுந்து, பூஜ்யத்தில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. தடையே இல்லை. நாலு கம்பியும் கடைசிவரை நின்றனவாம்.

அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, இங்க மட்டும் லேசாப் பிசிறு நிக்குதே" என்றேன்.

"அத்தை, கையை எடுங்க" என்றாள் போனுக்குள்ளிருந்து. "காந்தம் எழுந்திரிக்கிற எடம் அது. என் ஆராய்ச்சியே அதுதான்."

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் இப்போது யாராவது தாடி வளர்த்துக்கொண்டு வந்தால், அம்மா கண்ணில் படாதே என்கிறார்கள். அதைவிட ஒன்று. நிவேதாவின் ஆராய்ச்சிக்கூடத்தில் யாருக்காவது கம்பி விட்டுப்போனால், "அத்தை வந்துட்டுப் போயிட்டாங்க" என்பார்களாம். தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட 'அத்தை' என்றுதான் சொல்லுமாம். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கவே கூச்சப்படுகிற நான், முகம் தெரியாத அத்தனை பிள்ளைகள் நடுவில் அடிக்கடி வந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

எழுதியதில் தப்பு நிறைய இருக்கும். நூறு மடங்கு என்றது சரியா, கோடு மேடேறியது முதலிலா அப்புறமா, அந்தக் குளிரின் கணக்கு என்ன, எல்லாவற்றையும் யாராவது விஷயம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். காந்தம் ஜோடியைப் பிரிக்கிறதா, கட்டி வைக்கிறதா என்ற இடத்தை மட்டும் நான் முடிக்காமல் விட்டிருக்கிறேன். நிவேதாவிடம் மாதம் ஒரு தடவை கேட்கிறேன், இன்னும் தெரியவில்லை என்கிறாள். உங்களில் யாருக்காவது முந்தித் தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும்.